தலையில கை வெச்சா ரத்த ஓட்டம் நின்னுருமாமே?

"மூளையில கத்தி பட்டுச்சுன்னா ரத்த ஓட்டம் நின்னு போயிருமுங்க. அப்பறம் ஆளு இருந்தும் இல்லாத மாதிரிதான்."

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் வலிப்பு நோயாளி இருக்கற எந்த வீட்டுக்காவது போய் 'ஆபரேசன்'னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. அஞ்சு நிமிசத்துல இந்த வாக்கியம் வந்து விழும். சொல்றவர் பெரும்பாலும் அந்த வீட்டுக்காரரா இருக்க மாட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆன மாமா, வாட்ஸப்புலயே மருத்துவம் படிச்சு முடிச்ச ஒரு அண்ணன், இப்படி யாராவது ஒருத்தர். சொல்லிட்டு, குடுத்த காப்பியைக் குடிச்சுட்டு அவர் கெளம்பிருவார். நோயாளி மட்டும் அடுத்த பத்து வருசத்தை மாத்திரை டப்பாவோட ஓட்டணும்.

இந்தப் பதிவு அந்த ஒத்தை வாக்கியத்துக்கு எதிரா எழுதறது. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். ஆட்டோ அனுப்பறதா இருந்தா முழுசாப் படிச்சுட்டு அனுப்புங்க :-)

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லீங்க. சரவணம்பட்டியில பொட்டி தட்டுற ஆளு. படிச்சது பி.ஈ. ஆனா பி.ஈ. படிச்சவனுக்கு ஒரு வியாதி உண்டு. எவனாவது 'ஓட்டம்', 'அழுத்தம்'னு பேசினா, எவ்வளவு, எங்கே, எதனாலன்னு கேக்காம தூக்கம் வராது. ஆணி கொறைவா இருந்த நாள்ல எல்லாம் இதைத் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்கக் கோவம்தான் வந்துச்சு. ஏன்னா அந்த வாக்கியம் தப்பு மட்டும் இல்ல, தலைகீழ்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ரத்த ஓட்டத்தைக் கெடுக்கறது யாரு?

மூளையோட எடை நம்ம உடம்பு எடையில சுமார் 2 சதவீதம்தான். ஆனா இதயம் அனுப்பற ரத்தத்துல கிட்டத்தட்ட 15 சதவீதம் அதுக்குப் போகுது. நிமிசத்துக்கு முக்கால் லிட்டர்னு வெச்சுக்கங்க. அதுவும் எல்லா இடத்துக்கும் ஒரே அளவுல போறதில்ல. எந்த இடம் அதிகமா வேலை செய்யுதோ அங்க அதிகமாப் பாயும்.

வலிப்புங்கறது மூளையில ஒரு பகுதி நரம்பணுக்கள் ஒட்டுமொத்தமா, கட்டுப்பாடே இல்லாம மின் துடிப்பைக் கொட்டறது. அந்த நேரத்துல அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் எகிறும். இது இன்னைக்கு நேத்து கண்டுபிடிச்சதில்ல. கனடாவுல மாண்ட்ரியல் நகரத்துல இருந்த வைல்டர் பென்ஃபீல்டும் அவர் கூட்டாளிகளும் 1939லயே இதை அளந்து எழுதிட்டாங்க.

வலிப்பு நின்னதுக்கு அப்பறம் என்ன ஆகுதுன்னு நம்ம மாமாக்கள் யாரும் சொல்றதில்ல. ரத்தக் குழாய்கள் சுருங்கி, அதே இடத்துல ஓட்டம் சடார்னு எறங்குது. கனடாவுல கால்கரி பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு 2016ல இதை வெளியிட்டாங்க. எலிகளோட மூளையில வலிப்புக்கு அப்பறம் ஒரு மணி நேரத்துக்கு மேல கூட ஆக்சிஜன் கடுமையாக் கொறைஞ்சு கெடந்துச்சு. வலிப்பு நோயாளிகளை ஸ்கேன் பண்ணிப் பாத்தப்பவும் ரத்த ஓட்டம் எறங்கியிருந்தது தெரிஞ்சுது. ஃபிட்ஸ் முடிஞ்சதும் "கை தூக்க வரலைங்க, பேச்சு கொழறுது"ன்னு சொல்றோமே, அதுக்கு இதுதான் காரணம்ங்கறது அவங்க வாதம்.

வலிப்பே வராத நாள்லயாவது அந்த இடம் நல்லா இருக்குமா? பெரும்பாலும் அதுவும் இல்ல. வலிப்பு கெளம்பற இடம் மத்த நேரத்துல சாதாரணத்தை விடக் கம்மியா ரத்தம் வாங்கிட்டு, பாதித் தூக்கத்துல கெடக்கும். நிறையப் பேருக்கு ஸ்கேன்லயே இது தெரியும்.

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துல தோட்டம் வெச்சிருக்கற சொந்தக்காரங்களுக்கு நான் இப்படித்தான் சொல்றது. ஒரு எடத்துல கரை ஒடைஞ்சா அங்க இருக்கற வயல் மூழ்கும், கடைமடை காயும். ஒடைப்பை அடைக்கப் போறவனைப் பாத்து "ஐயோ, வாய்க்கால்ல கை வெக்காதே, தண்ணி நின்னுரும்"னு யாராவது கத்துவாங்களா? மூளை விசயத்துல மட்டும் ஊரே கூடி நின்னு கத்துது.

நம்ம ஊர்லயே நடந்த கதை

மேல சொன்ன பென்ஃபீல்டு கிட்ட மாண்ட்ரியல்ல போய்ப் பயிற்சி எடுத்த ஒருத்தர் பேரு ஜேக்கப் சாண்டி. அவர் திரும்பி வந்து 1949ல வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில மூளை நரம்பியல் துறையை ஆரம்பிச்சார். 1952ல இந்தியாவோட முதல் வலிப்பு அறுவை சிகிச்சையை அங்கதான் செஞ்சார். டெல்லியிலயோ பம்பாயிலயோ இல்லீங்க, நம்ம வேலூர்ல. கோயமுத்தூர்ல ரயில் ஏறினா அரை நாள்ல காட்பாடியில எறங்கிரலாம்.

1995ல திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனத்துல டாக்டர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில வலிப்பு அறுவை சிகிச்சைக்குன்னே ஒரு தனித் திட்டம் ஆரம்பிச்சாங்க. அதுக்கும் நம்ம ஊர்லிருந்து ராத்திரி ரயில் ஏறினா காலையில போய்ச் சேந்துரலாம். ஒரு பக்கம் வேலூர், இன்னொரு பக்கம் திருவனந்தபுரம். ரெண்டுக்கும் நடுவுல நாம உக்காந்துட்டு, 'அதெல்லாம் அமெரிக்காவுல பண்றதுங்க'ன்னு பேசிட்டிருக்கோம்.

ஒரு அக்காவோட கதை

எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு, எனக்கு அக்கா முறை. ஊரு பேரெல்லாம் வேண்டாம். கைக்கொழந்தையா இருக்கறப்பக் காய்ச்சல்ல ஒருக்கா நீளமா இழுப்பு வந்துச்சாம். அப்பறம் பள்ளிக்கூடம் போற வயசுல வேற மாதிரி ஆரம்பிச்சுது. வயித்துல இருந்து என்னமோ மேல எழும்பற மாதிரி இருக்கும்னு சொல்லும். அடுத்த நொடி கண்ணு ஒரே எடத்துல நிக்கும், வாய் சப்புக் கொட்டும், கை துணியைத் தேடும். ரெண்டு நிமிசம் கழிச்சு எதுவும் ஞாபகம் இருக்காது. ரொம்ப நாள் வீட்டுல "பிராக்குப் பாக்கறா"ன்னு திட்டு வாங்குச்சு.

கண்டுபிடிச்ச பொறகு ஒரு மாத்திரை ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஒம்போது வருசம் மாத்திரையை மாத்தி மாத்திக் குடுத்தாங்க. 'அறுவை சிகிச்சைக்கு ஏத்த நோயான்னு ஒருக்காப் பாத்துருவோம்'னு ஒரு தடவை கூட யாரும் சொல்லலை. கடைசியில வேற ஒரு டாக்டர், எம்.ஆர்.ஐ. படத்தைப் பாத்துட்டு, திருவனந்தபுரமோ வேலூரோ போய்ச் சோதிச்சுப் பாருங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தார். வீட்டுல பெரியவங்க கூடினாங்க. அங்கதான் அந்த வாக்கியம் வந்து விழுந்துச்சு. "ரத்த ஓட்டம் நின்னுரும்." தீர்ப்பு எழுதியாச்சு. சீட்டு பீரோவுக்குள்ள போயிருச்சு. மாத்திரை மட்டும் பவுடர் டப்பாக்குள்ள ஒளிஞ்சு இருக்கு, பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல படக் கூடாதாம்.

அந்த அக்கா என்னைக் கேட்டுச்சு: "ஏங்கண்ணு, ஃபிட்ஸ் வர்றப்ப மட்டும் ரத்த ஓட்டம் நல்லா இருக்குதாமா?"

அந்தக் கூட்டத்துல உக்காந்திருந்த ஒருத்தருக்கும் இந்தக் கேள்வி தோணலை.

பயத்துல ஒரு பொட்டு உண்மை

நியாயமாப் பேசணும்னா இதையும் சொல்லணும். மண்டையைத் தெறந்து பண்ற பழைய முறையில ரத்தக் குழாய் ஆபத்து உண்மையிலயே இருந்துச்சு. டெம்போரல் லோப்னு பொட்டுக்கு உள்பக்கம் இருக்கற பகுதியில வேலை செய்யறப்ப, பக்கத்துல ஓடற மெல்லிசான ரத்தக் குழாய்கள் தொந்தரவுக்கு உள்ளானா ஒரு பக்கம் கை கால் விழுந்துரும். இதை மறைக்காம 1961ல எழுதினதும் அதே பென்ஃபீல்டும் அவர் கூட்டாளிகளும்தான். செஞ்சவங்களே குத்தம் குறையை எழுதி வெச்சதாலதான் அடுத்து வந்தவங்க முறையை மாத்தினாங்க. மைக்ராஸ்கோப் வந்துச்சு. கெட்டுப்போன ஹிப்போகேம்பஸ் பகுதியை மட்டும் எடுத்துட்டு மத்ததை விட்டுடற முறை வந்துச்சு.

இப்ப அதையும் தாண்டியாச்சு. லேசர் முறையில மண்டை ஓட்டுல போடற துளை மூணு மில்லிமீட்டரை ஒட்டித்தான். அது வழியா ரெண்டு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு நாரை உள்ள அனுப்பி, வலிப்பு கெளம்பற இடத்தைச் சூடு வெச்சு அணைக்கறாங்க. சூடு வெக்கறது எம்.ஆர்.ஐ. மெசினுக்குள்ளயே நடக்குது. எந்த இடம் எவ்வளவு சூடாகுதுன்னு சில நொடிக்கு ஒருக்கா திரையில தெரியும். இங்க ரத்த ஓட்டமே ஒரு காவக்காரன். பக்கத்துல ரத்தம் ஓடிட்டே இருக்கற குழாய், சூட்டை அள்ளிட்டுப் போயிரும். அதனால அந்தக் குழாய் ஓரளவு தப்பிச்சுக்கும். ரேடியேட்டர்ல தண்ணி ஓடற கதைதான்.

டெல்லி எய்ம்ஸ்ல டாக்டர் சரத் சந்திரா குழு, ரோபோ வழிகாட்ட ரேடியோ அலைச் சூட்டை வெச்சு, பாதி மூளையோட தொடர்பைத் துண்டிக்கற பெரிய ஆபரேசனைக் கூட மண்டையை அகலமாத் தெறக்காமச் செஞ்சு, முடிவுகளை வெளியிட்டிருக்காங்க. ஒரு காலத்துல ரத்தச் சேதத்துக்குப் பேர் போன ஆபரேசன் அது.

சரி, ஆபரேசனுக்கு அப்பறம் மிச்ச மூளை என்ன ஆகுது? ஜப்பான்ல கியோட்டோ குழு 2009ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. பக்கத்துப் பகுதிகளைக் கெடுக்காம, கீழ்ப்பக்கமா நுழைஞ்சு பாதிச்ச இடத்தை மட்டும் எடுத்தவங்களை, முன்னயும் பின்னயும் ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க. எடுத்த இடத்தை ஒட்டி மூளையோட சர்க்கரைப் பயன்பாடு கொறைஞ்சுது. ஆனா தூரத்துல இருக்கற நெத்திப்பக்க மூளையில அது ஏறியிருந்துச்சு. மூளையில சர்க்கரைப் பயன்பாடும் ரத்த ஓட்டமும் பொதுவா ஒண்ணாத்தான் போகும். அதாவது கரை ஒடைப்பை அடைச்சதும் கடைமடைக்குத் தண்ணி போகுது. எல்லாருக்கும் இப்படியே ஆகும்னு நான் சொல்லலை. ஆனா 'நின்னு போயிரும்'னு அடிச்சுப் பேசறவங்க கையில என்ன ஆதாரம் இருக்கு?

ஓட்டை சின்னதாங்கறது கேள்வியே இல்ல

இப்ப எதிர்ப்பக்கம் நிக்கற ஆளுங்களுக்கும் ரெண்டு வார்த்தை. 'தழும்பு இல்ல, வலி இல்ல, சின்னத் துளைதான், ரெண்டே நாள்ல வீட்டுக்கு'ன்னு விளம்பரம் பண்றவங்க இருக்காங்க. இவங்களும் அந்த மாமாவும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க. ரெண்டு பேரும் துளையைப் பத்தியே பேசறாங்க, இடத்தைப் பத்திப் பேசறதில்ல.

திருச்செங்கோட்டுல இருந்து போர் வண்டி வருது. நாம என்ன கேப்போம்? "ஓட்டை ஆறு இஞ்சா, ஆறரையா"ன்னா? "பாயிண்ட் பாத்தாச்சா"ன்னுதானே கேப்போம். பாயிண்ட் தப்பா இருந்தா ஆயிரம் அடி போட்டாலும் புழுதிதான் பறக்கும்.

வலிப்புக்கு பாயிண்ட் பாக்கறதுதான் பாதி வைத்தியம். ஆஸ்பத்திரியில படுக்க வெச்சு, நாள் கணக்குல வீடியோவோட ஈ.ஈ.ஜி. எடுத்து, வலிப்பு எங்க கெளம்புதுன்னு காத்திருந்து பிடிக்கணும். எம்.ஆர்.ஐ.யில தெளிவாத் தெரியலைன்னா ஸ்பெக்ட் ஸ்கேன்னு ஒண்ணு. நர்ஸ் ஊசியோட பக்கத்துலயே இருப்பாங்க. வலிப்பு ஆரம்பிச்ச சில நொடியில கதிரியக்க மருந்தை நரம்புல ஏத்தணும். அந்த நேரத்துல எங்க ரத்தம் எகிறிப் பாயுதோ அங்க அந்த மருந்து போய் ஒட்டிக்கும். சில மணி நேரத்துக்குள்ள ஸ்கேன் எடுத்து, வலிப்பு இல்லாத நாள்ல எடுத்த படத்தை அதுல இருந்து கழிச்சா, குத்தவாளி இடம் பளிச்னு தெரியும். எந்த ரத்த ஓட்டத்தைச் சொல்லி நம்மளைப் பயமுறுத்தறாங்களோ, அதை வெச்சுத்தான் டாக்டர் இடத்தையே கண்டுபிடிக்கறார்!

இன்னொண்ணு, சின்னத் துளை எப்பவும் ஒசத்தின்னும் இல்ல. டெம்போரல் லோப் வலிப்புல லேசர் முறையில வலிப்பு நிக்கறவங்க பாதிக்குக் கொஞ்சம் மேல. தெறந்து பண்றதுல அதை விடக் கொஞ்சம் அதிகம் பேருக்கு நிக்குது. பதிலுக்கு, லேசர்ல பேர் சொல்ற தெறமை, முகம் அடையாளம் கண்டுக்கற தெறமை எல்லாம் கொறையறது கம்மி. எதுக்கு எது பொருந்தும்னு முடிவு பண்ண வேண்டியது டாக்டரும் நோயாளியும். விளம்பரமும் இல்ல, காப்பி குடிக்க வந்த மாமாவும் இல்ல.

கணக்கு பேசலாமா?

2000ல வெளியான ஆய்வு. புதுசா வலிப்பு கண்டுபிடிச்ச 470 பேர். முதல் மருந்துலயே வலிப்பு நின்னவங்க 47 சதவீதம். ரெண்டாவது மருந்துல இன்னொரு 13 சதவீதம். மூணாவது மருந்துலயோ, மருந்துகளைச் சேத்துக் குடுத்தோ நின்னவங்க வெறும் 4 சதவீதம். ரெண்டு சரியான மருந்து கேக்கலைன்னா மூணாவது நாலாவது மாத்திரையை மட்டும் நம்பி வருசக்கணக்கா உக்காந்திருக்கறது என்ன கணக்குங்க?

2001ல கனடாவுல 80 பேரைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு வருசத்துல, நினைவு தப்பற வலிப்பு நின்னவங்க ஆபரேசன் பக்கம் 58 சதவீதம், மருந்து பக்கம் 8 சதவீதம். மருந்துக் குழுவுல ஒருத்தர் எறந்தே போயிட்டார்.

அது வெள்ளக்காரன் ஊருன்னு சொல்வீங்க. 2017ல நம்ம டெல்லி எய்ம்ஸ்லயே 116 கொழந்தைகள், பிள்ளைகளை வெச்சு இதே மாதிரி பண்ணினாங்க. ஒரு வருசத்துல வலிப்பு நின்னது 77 சதவீதத்துக்கு எதிரா 7 சதவீதம். ஆபரேசன் குழுவுல மூணுல ஒருத்தருக்குத் தீவிர பக்க விளைவு இருந்துச்சு, அதுல பெரும்பாலும் ஒரு பக்கப் பலவீனம். இதையும் அந்த ஆய்வே எழுதியிருக்கு, நானும் எழுதறேன். ரெண்டு தட்டையும் காட்டினாத்தான் அது தராசு. நம்ம வீட்டுக் கூட்டத்துல ஒரு தட்டை மட்டும்தானே காட்டறாங்க?

வலிப்பு அடங்காம இருக்கறதுக்கு என்ன வெலைன்னு யாரும் சொல்றதில்ல. வலிப்பு நோய் இருக்கற பெரியவங்கள்ல வருசத்துக்கு ஆயிரத்துக்கு ஒருத்தர் காரணமே தெரியாமத் திடீர்னு எறந்து போறாங்க. அடங்காத பெரிய வலிப்பு இருந்தா ஆபத்து இன்னும் அதிகம். கெணத்து மேடு, ஓடற தறி, எரியற அடுப்பு, இதெல்லாம் தனிக் கணக்கு. இவ்வளவு இருந்தும், ஆபரேசனுக்கு வந்து சேர்றவங்க சராசரியா இருவது வருசம் வலிப்போட வாழ்ந்துட்டுத்தான் வர்றாங்கன்னு பல ஆய்வுகள்ல வந்திருக்கு.

வழக்கமா வர்ற எதிர்வாதங்கள்

"கல்யாணம் ஆனாச் சரியாப் போயிரும்." ஆகாதுங்க. மறைச்சுப் பண்ற கல்யாணத்துல மாத்திரை நேரம் தவறும், வலிப்பு அதிகமாகும். 1999 வரைக்கும் இந்து திருமணச் சட்டத்துல வலிப்பு ஒரு தடையா எழுதியிருந்துச்சு. அந்த வருசம் திருத்தம் கொண்டு வந்து அந்த வார்த்தையையே எடுத்துட்டாங்க. சட்டம் மாறி கால் நூற்றாண்டு தாண்டியாச்சு. ஜாதகக் கட்டோட வர்ற தரகர்தான் இன்னும் மாறலை.

"அவ்வளவு காசுக்கு எங்க போறது?" நியாயமான கேள்வி. ஆனா சோதிக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணாதீங்க. நிறையப் பேருக்கு நல்ல எம்.ஆர்.ஐ.யும் வீடியோ ஈ.ஈ.ஜி.யுமே போதும், வெல ஒசந்த ஸ்கேன் எல்லாம் வேண்டியதில்லைன்னு திருவனந்தபுரம் குழுவே செஞ்சு காட்டியிருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா, அதுல என்ன வருதுன்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல நேராப் போய்க் கேளுங்க. பக்கத்து வீட்டுல கேக்காதீங்க.

"சோதிக்கப் போனா ஆபரேசன் பண்ணிருவாங்க." இல்லீங்க. எல்லா வலிப்புக்கும் ஆபரேசன் கெடையாது. மூளை முழுக்க ஒரே நேரத்துல கெளம்பற வகைக்கு இது பொருந்தாது. சோதிச்சுட்டு 'உங்களுக்கு வேண்டாம்'னு திருப்பி அனுப்பறதும் நடக்கும். ஆனா ரெண்டு மருந்து தோத்துட்டா 70 வயசு வரைக்கும் எல்லாரையும் சோதனைக்கு அனுப்பணும்னு சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புச் சங்கத்தோட நிபுணர்கள் 2022ல தெளிவாச் சொல்லிட்டாங்க.

ஆக, வீட்டுல யாருக்காவது வலிப்பு அடங்கலைன்னா டாக்டர் கிட்ட நாலே கேள்வி கேளுங்க. ரெண்டு மருந்து, சரியான அளவுல குடுத்துப் பாத்தாச்சா? எங்க கெளம்புதுன்னு தெரியுமா? தெரியலைன்னா வீடியோ ஈ.ஈ.ஜி. எங்க எடுக்கலாம்? எடுத்த இடத்துல ஆபரேசன்னு சொன்னா, எங்களுக்கு என்ன லாபம், என்ன நட்டம்?

அந்த மாமா மறுபடியும் வந்து "ரத்த ஓட்டம் நின்னுருமுங்க"ன்னா, காப்பி குடுங்க, மரியாதை குறையக் கூடாது. குடிச்சு முடிச்சதும், "மாமா, அடுத்த ஃபிட்ஸ் வர்றப்ப நீங்களும் கூட இருந்து பாத்துக்கறீங்களா?"ன்னு கேட்டுருங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்திராதீங்க சாமி. திடீர்னு நிறுத்தறது ரொம்ப ஆபத்து. ஆபரேசன் ஆனவங்களும் டாக்டர் சொல்ற வரைக்கும் மாத்திரை சாப்பிட்டுத்தான் ஆகணும். மருத்துவம் படிச்ச பதிவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தீங்கன்னா பின்னூட்டத்துல வந்து உங்க கருத்தைச் சொல்லுங்க. மத்தவங்க கும்மியடிக்கலாம், தப்பில்ல. ஆனா அந்த வாக்கியத்தை மட்டும் யாரும் எழுதக் கூடாது, சொல்லிட்டேன்!